ஆடுகளத்தின் ஆசான்

தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்குவோர், அங்கிருந்து சற்றுத் தொலைவில் அடையாற்றை ஒட்டி மரங்கள் அடர்ந்த வளாகமொன்றைக் காணலாம். அது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஊதலைக் கழுத்தில் அணிந்து மாணவரை ஆடுகளத்திற்கு அழைத்துச் செல்லும் உடற்கல்வி ஆசிரியரின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதைத் தொடங்கி வைத்தவர் ஹாரி குரோ பக்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1884ஆம் ஆண்டு பிறந்த அவர், ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரியில்தான் 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், உள்ளரங்கில் ஆடுவதற்கென ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளைப் பொருத்திக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். விளையாட்டைக் கல்வியாகக் கருதிய அச்சூழலில் வளர்ந்தவர், 1919ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார்.

அந்நாளில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் படைப்பயிற்சியின் நகலாகவே இருந்தது. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் ஆணையிடுவார். வரிசையாக நிற்கும் சிறுவர்கள் வலமும் இடமும் திரும்புவார்கள். ஓடவும் தாவவும் துடிக்கும் பருவத்தினருக்கு அதில் என்ன மகிழ்ச்சி இருந்திருக்கும்? கற்பித்தவரும் ஏனைய ஆசிரியரோடு சமமாக எண்ணப்படவில்லை. உடலை வளர்ப்பதும் கல்வியே என்றால், அதைக் கற்பிப்பவரும் முறையாகக் கற்றிருக்க வேண்டும் என்று பக் கருதினார்.

1920ஆம் ஆண்டு, ஐந்தே மாணவர்களுடன் ஓர் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது எனப் போற்றப்படும் நிறுவனம் இவ்வளவு சிறிதாகத் தொடங்கியது வியப்பளிக்கிறது! பின்னர் அது சைதாப்பேட்டைப் பகுதிக்கு வந்து கல்லூரியாக வளர்ந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியால் முன்னரே பெயர்பெற்றிருந்த ஊருக்கு இது பொருத்தமான வரவேயாகும். சென்னை மாகாண அரசும் உடற்கல்வி குறித்து அவருடைய ஆலோசனையைப் பெற்றது.

மேலைநாட்டு ஆட்டங்களைக் கொண்டுவந்தவர் என்று மட்டும் அவரை எண்ணுவது பிழை. சடுகுடு போன்ற நம் நாட்டு விளையாட்டுகளுக்கும் அவர் இடமளித்தார். மட்டையும் வலையும் வாங்க இயலாத சிற்றூர்ப் பள்ளியிலும் தரையில் கோடு கிழித்தால் சடுகுடு ஆடலாம். ஆனால் ஊருக்கு ஊர் விதி மாறினால் இரு பள்ளிகள் எதிரெதிர் நின்று ஆடுவது எங்ஙனம்? விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கிய அவருடைய பணி, இக்குறையைப் போக்க உதவியது. என் மதிப்பீட்டில், அவர் ஆற்றிய பணிகளுள் பள்ளி மாணவருக்கு மிகவும் பயன்பட்டது இதுவே.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்தியத் தடகள அணிக்கு அவர் மேலாளராக இருந்தார். அணியினர் பதக்கமின்றித் திரும்பினர். ஆயினும் பக் சோர்ந்துவிடவில்லை. பல மாகாணங்களுக்கும் பயணம் செய்து விளையாட்டுச் சங்கங்கள் உருவாகத் துணைநின்றார். 1927ஆம் ஆண்டு தொராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்ததில் அவருடைய உழைப்புக்கும் பங்குண்டு.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் இன்று பரிந்துரைக்கிறது. தேர்வு நெருங்கும்போதோ, விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்வதை நாம் அறிவோம். ஆசிரியரை உருவாக்கிய பக், அவருக்குரிய பாடவேளையையும் காத்துத் தந்திருக்கலாம் என்று மாணவர் ஏங்கினால் அது குற்றமாகாது.

மனைவி மேரியும் அவருடைய பணிகளில் துணைநின்றார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டு பக் மறைந்தார். ஐவரோடு அவர் தொடங்கிய கல்லூரியில் பயின்றவர்கள், அதற்குள் நாட்டின் பல பகுதிகளிலும் மாணவரை ஆடுகளத்திற்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தனர்.