பலகைக்கு அடியில் ஒரு மாணவர்

கல்லூரியில் இடம் கிடைப்பது அரிது. கல்லூரி உள்ள ஊரில் படுக்க இடம் கிடைப்பது சிலருக்கு அதனினும் அரிது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாண்டில் விடுதியில் இடம் கிடைக்கும்வரை ஒரு தையற்கடைத் திண்ணையில் 11 இரவுகள் படுத்தேன். அந்நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது, அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் வாழ்க்கை வரலாறு.

1856-இல் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் அவர். 1865-இல் விடுதலை வந்தது. வயிற்றுக்கு வழி வரவில்லை. சிறு வயதிலேயே உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். ஹாம்ப்டன் என்னும் ஊரில் கறுப்பின மக்களுக்கென ஒரு பள்ளி உண்டு, ஏழை மாணவர் அங்கே உழைத்தே படிக்கலாம் என்று சுரங்கத்தில் இருவர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

1872-இல், 16 வயதில், புறப்பட்டார். ஏறத்தாழ 500 மைல் பயணம். வழியில் ஒரு விடுதி, நிறத்தைக் காரணம் காட்டிக் கதவடைத்தது. குளிர் தெரியாதிருக்க அன்றிரவு முழுதும் நடந்துகொண்டே இருந்தார். ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையில் காசில்லை. நள்ளிரவு கடந்தும் தெருத்தெருவாக அலைந்தவர், உயர்த்திக் கட்டிய பலகை நடைபாதை ஒன்றின் அடியில் யாரும் பார்க்காத வேளையில் நுழைந்து, துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். இரவெல்லாம் தலைக்கு மேலே காலடி ஓசை!

மறுநாள் கப்பலில் இரும்புக் கட்டி இறக்கும் வேலை கிடைத்தது. கூலி வந்த பின்னும் பல இரவுகள் அதே பலகைக்கு அடியில்தான் படுக்கை. வாடகை கொடுத்தால் பள்ளிக்குப் போகக் காசு மிஞ்சாதல்லவா?

50 செண்டுடன் ஹாம்ப்டன் சேர்ந்தார். அவருடைய அழுக்கு உடையைக் கண்டு தயங்கிய ஆசிரியை, ஒரு வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார். மூன்று முறை பெருக்கி, நான்கு முறை துடைத்தார். அதுவே அவருக்கு நுழைவுத் தேர்வு! விடுதிக் கட்டிலில் இரண்டு விரிப்புகள் இருந்தன. முதல் இரவு இரண்டுக்கும் அடியில் படுத்தார். அடுத்த இரவு இரண்டுக்கும் மேலே படுத்தார். பிறகு மற்ற மாணவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

1881-இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், 30 மாணவருடன் ஒழுகும் கொட்டகையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கட்டடத்துக்கு மாணவர்களே செங்கல் அறுத்தனர். மூன்று சூளைகள் பாழாயின. தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காவதை மூட்டினார், செங்கல் வெந்தது. தொழிற்கல்வியையே பெரிதும் வலியுறுத்திய அவரை டு பாய்ஸ் போன்ற அறிஞர்கள் மறுத்துரைத்ததும் உண்டு. 1915-இல் மறைந்தார்.

ஆனால் என் நெஞ்சில் நிற்பது வேறொரு காட்சி. தொடக்க ஆண்டுகளில் மாணவர் சிலர் குடிசைகளில் தங்கினர்; போர்வை போதவில்லை. குளிர்கால நள்ளிரவுகளில் வாஷிங்டன் உறக்கமின்றி எழுந்து அக்குடிசைகளுக்குச் செல்வார். ஒரே போர்வையைப் போர்த்தித் தீயைச் சுற்றிக் குந்தியிருக்கும் பிள்ளைகளுக்கு ஆறுதல் கூறுவார். பலகைக்கு அடியில் படுத்தவருக்குத்தானே தெரியும், குளிரும் இரவு எவ்வளவு நீளம் என்று!

நண்பர்களே! இவ்வாண்டு எனக்கு விடுதியில் கட்டில் உண்டு. புதிதாக வரும் மாணவரிடம் பெயரையும் பாடப்பிரிவையும் கேட்கிறோம். இரவு எங்கே படுக்கிறாய் தம்பி என்றும் கேட்போம்.

– இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன்