அணிலைத் தேடிய ஜான் மியூர்

உயிரியல் படிக்கும் எனக்கு, பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய ஒருவரை மிகவும் பிடிக்கும். அவர்தான் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர்.

1838ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்த மியூர், 1849இல் குடும்பத்துடன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறினார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் நிலவியலும் கற்றார். இயந்திரங்களை உருவாக்குவதிலும் கெட்டிக்காரர்.

1867இல் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது, கைதவறிய அரம் அவரது வலக்கண்ணில் பாய்ந்தது. மற்றக் கண்ணும் மங்கியது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பார்வை திரும்பியதும், இனி இயந்திரங்கள் வேண்டாம், காடுகளைப் பார்க்கவே இந்தக் கண்கள் என்று முடிவெடுத்தார். மறு ஆண்டே கலிபோர்னியா சென்றார்.

அங்கே சியரா நெவாடா மலையின் ஊசியிலைக் காடுகளில் அவரை ஈர்த்தது டக்ளஸ் அணில். உயரமான மரங்களில் அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. மேலிருந்து பச்சைக் கூம்புக்காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தால், உச்சியில் அணில் அறுவடை செய்கிறது என்று பொருள். மரத்தடியில் கடித்துப் போட்ட செதில்கள் குவிந்திருந்தால், அது உணவருந்தும் இடம். மியூர் அசையாமல் உட்கார்ந்து காத்திருப்பார். ஸ்காட்லாந்துப் பாடல்களைச் சீட்டியடிப்பார். அணில்கள் நெருங்கி வந்து கேட்குமாம். தேவாலயப் பாடல் ஒன்றைத் தொடங்கியதும் ஓடிவிட்டனவாம்!

1894இல் வெளிவந்த தமது முதல் நூலில் இந்தச் சிறு விலங்குக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். கூம்புக்காய்களை வெட்டிச் சேமிக்கும் அணில், மாபெரும் செக்கோயாக் காடுகளின் வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார். அணில் செதிலின் சதையைக் கடிக்கும்போது செக்கோயாவின் நுண்ணிய விதைகள் சிதறி விழுகின்றன என்பதைப் பிற்கால ஆய்வாளர்களும் கண்டனர்.

மியூரின் எழுத்து 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றது. ஆயினும், அப்பூங்காவிலிருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913இல் அனுமதி கிடைத்தது. பல்லாண்டுகள் எதிர்த்துப் போராடிய மியூர், 1914 டிசம்பர் 24இல் காலமானார்.

அந்தப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கிவிட்டது. ஆனால் அவர் காத்த காடுகளில் இன்றும் டக்ளஸ் அணில்கள் கூம்புக்காய்களை உதிர்க்கின்றன. ஒரு காட்டைக் காக்க வேண்டுமானால், முதலில் அதில் வாழும் சிற்றுயிரைப் பொறுமையாகப் பார்க்கப் பழக வேண்டும். மியூரிடம் நான் கற்ற பாடம் இதுவே.