லோகோவுல இருக்கறது 'ஹெச்' இல்ல பாஸ்... ராபர்ட் பாஷ் பத்த வெச்ச தீப்பொறியின் கதை!

பத்து வருஷமா தார்ப்பாய்க்கு அடியில தூங்கிட்டிருந்த தாத்தாவோட புல்லட்டை ஒருநாள் வெளிய தள்ளுறீங்க. தூசி துடைச்சாச்சு, புது பெட்ரோல் ஊத்தியாச்சு. கிக்கரை மிதிக்கிறீங்க... மிதிக்கிறீங்க... கால் வலிக்குதே தவிர, வண்டி ஒரு இருமல்கூட இருமல. எட்டிப் பார்த்த மெக்கானிக் அண்ணன், கரண்ட் வரலைன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுறார்.

அந்தக் 'கரண்ட்'டைச் சரியான நொடியில இன்ஜினுக்குள்ள கொண்டு வர்றதுக்காகவே வாழ்நாள்ல பெரும்பகுதியைச் செலவழிச்சவர் ராபர்ட் பாஷ். உங்க வீட்டு வாஷிங் மெஷின்லயோ, டிரில்லிங் மெஷின்லயோ அவர் பேரைப் பார்த்திருப்பீங்க. பக்கத்துல வட்டத்துக்குள்ள 'ஹெச்' மாதிரி ஒண்ணு இருக்கும்ல? அது எழுத்தே இல்ல. மேக்னெட்டோன்னு சொல்ற தீப்பொறிக் கருவிக்குள்ள இருக்கும் ஆர்மேச்சரோட வடிவம். அந்தக் குட்டி பாகம்தான் இவரோட வாழ்க்கையையே திருப்பிப் போட்டது.

12 பிள்ளைகள்ல 11-வது

1861 செப்டம்பர் 23. ஜெர்மனியின் உல்ம் நகரத்துக்குப் பக்கத்துல ஆல்பெக் கிராமம். விவசாயமும் விடுதியும் நடத்தின குடும்பத்துல 11-வது குழந்தையா பிறந்தார் ராபர்ட். படிப்பை முடிச்சதும் நுணுக்கமான கருவிகள் செய்யும் மெக்கானிக் வேலைக்குப் பழகினார். 1884-ல அமெரிக்காவுக்குக் கப்பலேறி எடிசனோட தொழிற்சாலையில வேலை பார்த்தார். அடுத்து இங்கிலாந்துல சீமென்ஸ். அப்புறம் ஊர் திரும்பிட்டார்.

1886 நவம்பர் 15. ஸ்டுட்கார்ட் நகரத்துல ஒரு பின்கட்டு வீட்டுல சின்னதா பட்டறை போட்டார். அப்பா விட்டுப்போன பணம்தான் முதல். கூட ஒரு உதவி மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன். அவ்வளவுதான் கம்பெனி! டெலிபோன், மின்சார மணின்னு கிடைச்ச வேலையெல்லாம் செஞ்சாங்க. வாடிக்கையாளர் வீட்டுக்கெல்லாம் சைக்கிள்லயே போவார் பாஷ்.

அடுத்த வருஷம் ஒரு இயந்திரத் தயாரிப்பாளர், ஒரே இடத்துல நின்னு ஓடும் இன்ஜினுக்கு மேக்னெட்டோ வேணும்னு கேட்டார். காந்தத்துக்கு நடுவுல கம்பிச் சுருள் அசையும்போது மின்சாரம் பிறக்கும், அதுல பொறி வரும், பேட்டரியே வேணாம். இது பாஷ் கண்டுபிடிச்சது இல்ல. ஏற்கெனவே இருந்ததைப் போய்ப் பார்த்து, குறைகளைத் திருத்தி, இன்னும் உறுதியா செஞ்சு கொடுத்தார்.

ஆனா, அதை வெச்சு உடனே கார் பங்களான்னு செட்டில் ஆகல. 1890-களோட ஆரம்பத்துல ஆர்டர் குறைஞ்சு, ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலைமை. கடன் கழுத்தை நெரிச்சது. அப்பவும் தரத்துல மட்டும் கைவைக்கல.

மூணு சக்கர வண்டி வைத்த டெஸ்ட்

அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளுக்கு இக்னிஷன்தான் பெரிய தலைவலி. சிலர் இன்ஜின் பக்கத்துலயே நெருப்பை எரியவிட்டு, ஒரு குழாயைச் சூடாக்கி பெட்ரோலைப் பத்தவெச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, பெட்ரோல் வண்டியில திறந்த தீ! பேட்டரி வெச்சவங்களுக்கு அது சீக்கிரமே காலியாகிடும்.

1897-ல ஃபிரடெரிக் சிம்ஸ் என்ற தொழிலதிபர் டி டியோன் பூட்டோன் கம்பெனியோட மூணு சக்கர வண்டி ஒண்ணை பாஷ்கிட்ட அனுப்பி, இதுல மேக்னெட்டோ பொருத்த முடியுமான்னு கேட்டார். அந்த இன்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று சுத்தும். பழைய மேக்னெட்டோவால அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியல. பட்டறையில இருந்த ஆர்னால்ட் ட்ஸேரிங்கர் ஒரு வழி கண்டுபிடிச்சார். கனமான ஆர்மேச்சரை அசைக்காம, அதைச் சுத்தி ஒரு லேசான உலோக உறையை மட்டும் அசையவிட்டார். வண்டி ஓடுச்சு!

அடுத்த பாய்ச்சல் 1902. காட்லோப் ஹோனோல்ட் என்ற இன்ஜினீயர், உயர் அழுத்த மின்சாரம் தரும் மேக்னெட்டோவையும் அதுக்குப் பொருந்தும் ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். அதுக்கு முன்னாடி சிலிண்டருக்குள்ளயே கம்பிகள் தொட்டுத் தொட்டு விலகித்தான் பொறி வரும், சீக்கிரம் தேய்ஞ்சிடும். இப்போ எதுவும் அசையாம, பிளக்கோட சின்ன இடைவெளியைப் பொறி தாண்டிக் குதிச்சது. உங்க தாத்தா வண்டி பிளக்ல நடக்கறதும் இதேதான்.

இப்போ உங்க வண்டிக்கு வருவோம்

பாஷ் பட்டறையோட பலமே சோதனைதான். யூகத்துல எதையும் விடமாட்டாங்க. நீங்களும் எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க. ஒவ்வொண்ணா பாருங்க:

* முதல்ல சாவி, பேட்டரி, வயர் இணைப்புகள். மேக்னெட்டோ வண்டின்னா பேட்டரி இல்லாமலே பொறி வரணும்.
* பிளக்கைக் கழற்றி, வயரோட சேர்த்து, அதோட உலோகப் பகுதி இன்ஜின்ல படும்படி வெச்சு கிக் அடிங்க. நீலமா, 'டப்'னு பொறி வந்தா நல்லது. மஞ்சளா, மெலிசா வந்தா பலவீனம். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிவெச்சுப் பாருங்க, பக்கத்துல பெட்ரோல் இருக்கக் கூடாது. வயரை வெறுங்கையால தொட்டா ஷாக் நிச்சயம்!
* வேற பிளக் போட்டும் பொறி இல்லையா? பிளக் கேப்பையும் வயரையும் பாருங்க.
* அடுத்து பாயிண்ட். வண்டி வருஷக்கணக்கா நின்னா இதோட முனையில கறை படிஞ்சிடும். பெரும்பாலும் குற்றவாளி இவர்தான். மெல்லிய உப்புத்தாளால தேய்ச்சு, சுத்தமாத் துடைச்சு, மேனுவல்ல சொன்ன இடைவெளியை ஃபீலர் கேஜ் வெச்சு செட் பண்ணுங்க.
* பாயிண்ட்லயே நிறைய பொறி பறந்து கருகிப்போனா, கண்டென்சர் மேல சந்தேகப்படுங்க.
* ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்னுபோனா கண்டென்சரா இருக்கலாம், காயிலாவும் இருக்கலாம். ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க.

லாபமும் மனசாட்சியும்

மேக்னெட்டோ உலகம் முழுக்கப் போச்சு. 1906-லயே தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்தார் பாஷ். அதுக்காக அவர் தொழிற்சாலையில பிரச்னையே இல்லைன்னு நினைக்காதீங்க. 1913-ல பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. முதல் உலகப் போர்ல ராணுவ ஆர்டர்களால பணம் கொட்டுச்சு. அந்த லாபத்தை வெச்சுக்க மனசில்லாம, நெக்கார் நதிக் கால்வாய்த் திட்டத்துக்கு 1.3 கோடி மார்க் கொடுத்தார். 1921-ல, நரம்பு நோயால பாதிக்கப்பட்டிருந்த மகன் இறந்துபோனார். தொழிலுக்கு வாரிசா நினைச்ச பிள்ளை அவர்.

ஹிட்லர் காலத்துல கதை சிக்கலாகுது. கம்பெனி ஆயுத ஆர்டர்களை ஏத்துக்கிட்டது, போர்க்காலத்துல கட்டாயத் தொழிலாளர்களையும் பயன்படுத்தியது. அதே நேரம் ஹிட்லரை எதிர்த்த கார்ல் கோர்டலருக்கு வேலை கொடுத்துத் துணை நின்னார் பாஷ். யூதர்களுக்கும் கம்பெனி தரப்பிலிருந்து உதவி போச்சு. ரெண்டும் உண்மை. 1940-ல ஸ்டுட்கார்ட்ல ஒரு மருத்துவமனையைத் திறந்தவர், 1942 மார்ச் 12-ல இறந்தார். அவர் வெறுத்த அரசாங்கமே அரசு மரியாதையோட இறுதிச்சடங்கு நடத்தினதுதான் சோகம்.

பெங்களூருல 1951-ல தொடங்கின மைக்கோ, பாஷோட இந்தியக் கிளைதான். நம்ம ஊர் பழைய பட்டறைகள்ல 'மைக்கோ பிளக்'னு இன்னமும் சொல்றாங்கன்னா காரணம் அதுதான்.

மேக்னெட்டோவைக் கண்டுபிடிச்சவர் பாஷ் இல்ல. ஆனா நம்பி ஏறலாம்ங்கற அளவுக்கு அதை மாத்தினது அவரும் அவர் பட்டறையும்தான். அதனால, ஷெட்டுல இருக்கறதைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க. பிளக்ல ஆரம்பிங்க. சிக்கல் பெரும்பாலும் உப்புத்தாள் அளவுலதான் இருக்கும்!