போர்கேஸே இளவரசர்

இத்தாலிய உயர்குடியில் 1871ஆம் ஆண்டு பிறந்த ஸிப்பியோனே போர்கேஸே இளவரசரின் சரிதையுள் யாம் ஈண்டு எடுத்துரைக்க விழைவது, 1907ஆம் ஆண்டில் அவர் செய்த யாத்திரை ஒன்றையே.

பீகிங் நகரினின்று பாரிஸ் வரை மோட்டார் வண்டியிற் செல்லவல்லார் உளரோவென்று ‘லெ மாத்தென்’ என்னும் பிரெஞ்சுப் பத்திரிகை அறைகூவிற்று. ஜூன் 10ஆம் நாள் ஐந்து வண்டிகள் புறப்பட்டன. முச்சக்கர வண்டியொன்று கோபிப் பாலைவனத்தோடு நின்றொழிந்தது. இளவரசரது ‘இட்டாலா’ வண்டியோ சீன மலைவழிகளிற் கூலியாட்களாலும் கோவேறு கழுதைகளாலும் இழுக்கப்பட்டது. மோட்டாரைக் கழுதை இழுத்ததேயென்று நகைப்பார் நகைக்க! சைபீரியாவில் மரப்பாலம் முறிய, வண்டி பின்புறமாய்க் கீழே வீழ்ந்தது. அதிற் சென்ற மூவரும் உயிர் தப்பினர். பின்னர்ச் சக்கரமொன்று சிதைந்தபோது, உருசிய நாட்டுப்புறத் தச்சரொருவர் கோடரி கொண்டே அதனைப் புதுக்கித் தந்தார். அவர் பெயரைக் கேட்டறிய ஒருவரும் எண்ணிலர் போலும்.

வெற்றியில் ஐயமின்மையின், இளவரசர் மாஸ்கோவினின்று விலகிச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு விருந்துண்ணச் சென்று மீண்டார். இச்செருக்கை யாம் மெச்சோம். ஆயினும் ஆகஸ்டு 10ஆம் நாள் அவரே முதலிற் பாரிஸ் சேர்ந்தார். ஏனையோர் வந்தது இருபது நாள் கழித்து.

வழியிற் பெரும்பாலும் வண்டியைச் செலுத்தியவரும், பழுது நீக்கியவரும் எத்தோரே குயித்ஸார்தி என்னும் இயந்திரத் தொழிலாளரே. புகழோ இளவரசர்க்காயிற்று. இளவரசர் 1927இற் காலஞ்சென்றார். வண்டி இன்றும் தூரின் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் உளது.