சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் கால்பந்துப் பயிற்றுநர் ஆவார். இவரது பயிற்சியின் கீழ் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 ஒலிம்பிக்கில் அரையிறுதிக்கு முன்னேறியது. மாணவர்களால் ரகீம் சாகிப் என அழைக்கப்பட்டார்.

வாழ்க்கைச் சுருக்கம்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். இடது காலால் மட்டும் ஆடுதல், பந்தை ஒரே தொடுகையில் கடத்துதல் போன்ற விதிகளுடன் சிறு போட்டிகளை நடத்தி இளைஞர்களின் திறனை வளர்த்தார்.

ஐதராபாத் நகரக் காவல் அணி

1950 ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியளித்தார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. டுராண்ட் கோப்பையையும் 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றியது. அக்காலத்தில் கல்கத்தாவின் பெரிய கழகங்களே இந்தியக் கால்பந்தில் முன்னணியில் இருந்தமையால், இவ்வெற்றிகள் தனிச் சிறப்புடையவை.

இந்திய அணியின் பயிற்றுநர்

1951 புது தில்லி ஆசியப் போட்டியில் இந்தியா ஒரு கோலும் வாங்காமல் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் பெருந்தோல்வி ஏற்பட்டது. பெரும்பாலான வீரர்கள் வெறுங்காலுடன் ஆடிய அவ்வாட்டத்திற்குப் பின்னர் காலணி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. ரகீம் ஆட்ட முறையையும் மாற்றியமைத்தார். 4-2-4 அமைப்பை இந்தியாவில் முதலில் கையாண்டவர்களுள் இவரும் ஒருவர்.

இவரது பயிற்சியில் இந்தியா ஆடிய முதன்மையான போட்டிகளின் முடிவுகள்:

* 1951 ஆசியப் போட்டி: இந்தோனேசியா 3-0, ஆப்கானித்தான் 3-0, ஈரான் 1-0 (தங்கம்)
* 1952 ஒலிம்பிக்: யூகோஸ்லாவியாவிடம் 1-10 தோல்வி
* 1956 ஒலிம்பிக்: ஆஸ்திரேலியா 4-2 வெற்றி, யூகோஸ்லாவியா 1-4, பல்கேரியா 0-3 தோல்வி (நான்காம் இடம்)
* 1960 ஒலிம்பிக்: ஹங்கேரி 1-2 தோல்வி, பிரான்சு 1-1 சமநிலை, பெரு 1-3 தோல்வி
* 1962 ஆசியப் போட்டி: தென் கொரியா 0-2 தோல்வி, தாய்லாந்து 4-1, சப்பான் 2-0, தென் வியட்நாம் 3-2, தென் கொரியா 2-1 வெற்றி (தங்கம்)

ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாவே.

சகார்த்தா, 1962

இப்போட்டியின்போது ரகீம் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். இசுரேல், தைவான் நாடுகளுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய அலுவலர் ஜி. டி. சோந்தி எதிர்த்ததால், உள்ளூர் மக்கள் இந்தியர் மீது கடுஞ்சினம் கொண்டிருந்தனர். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தற்காப்பு வீரர் சர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டது. ரகீம் அவரை ஒதுக்கிவிடாமல், அரையிறுதியிலும் இறுதியிலும் முன்கள வீரராக ஆடச் செய்தார். இரு ஆட்டங்களிலும் அவர் கோல் அடித்தார். காய்ச்சலிலிருந்து மீண்ட பீட்டர் தங்கராஜ் இறுதியாட்டத்தில் கோல் காப்பாளராக இறங்கினார். செப்டம்பர் 4 அன்று, முதல் ஆட்டத்தில் தம்மை வென்ற தென் கொரியாவையே வீழ்த்தி இந்தியா தங்கம் பெற்றது. பி. கே. பானர்ஜி மற்றொரு கோலை அடித்தார்.

மறைவும் நினைவும்

இவ்வெற்றிக்கு ஓராண்டு நிறைவதற்குள், 1963 ஜூன் 11 அன்று ரகீம் காலமானார். அவருக்குப் பின் 2023 வரை நடந்த ஆசியப் போட்டிகளில் இந்தியா கால்பந்தில் மீண்டும் தங்கம் வெல்லவில்லை. 1970 இல் பெற்ற வெண்கலமே அதன் பின் கிடைத்த ஒரே பதக்கம். 1960க்குப் பின் 2024 வரை ஒலிம்பிக் கால்பந்துக்கும் தகுதி பெறவில்லை. சிறந்த பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985 இல்தான் தொடங்கப்பட்டது. இவருடைய மகன் சையது சாகித் அக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். ரகீமின் வாழ்வை அடிப்படையாகக் கொண்ட மைதான் என்னும் இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்தது.