பதவி துறந்து பட்டறை புகுந்த பெருமகன்
டாக்டர் அக்தர் ஹமீது கான் (1914 – 1999)



சிறு தொழில் செய்வோர் நொடித்துப் போவதற்குக் காரணம் என்ன என்று வினவினால், முதல் இல்லாமையே காரணம் என்று நம்மில் பெரும்பாலோர் விடை பகர்வோம். கையில் ஒரு தொகை கிடைத்துவிட்டால் கடை செழித்துவிடும், பட்டறை ஓடத் தொடங்கிவிடும் என்பது நமது எண்ணம். இவ்வெண்ணம் பாதி மட்டுமே உண்மை என்பதைத் தமது அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பினால் நிறுவிக் காட்டிய பெருமகன் ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் சுருக்கமாகக் காண்போம். அவரே டாக்டர் அக்தர் ஹமீது கான் அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

கான் சாஹிப் அவர்கள் 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் ஆக்ரா நகரில் பிறந்தார்கள். தந்தையார் காவல் துறையில் பணிபுரிந்தவர். ஆக்ராவிலும் மீரட்டிலும் கல்வி பயின்ற அவர்கள், 1934ஆம் ஆண்டு ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்கள். சில காலம் மீரட் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபின், 1936ஆம் ஆண்டு ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வு பெற்றார்கள். அக்காலத்தில் ஒரு குடும்பம் அடையக்கூடிய உச்சப் பெருமை அதுவாகவே இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயிற்சி முடித்துத் திரும்பிய அவர்கள் வங்காள மாகாணத்தில் அதிகாரியாக அமர்ந்தார்கள். 1940ஆம் ஆண்டு அல்லாமா மஷ்ரிகி அவர்களின் புதல்வியாரை மணந்தார்கள்.

பட்டறையில் ஒரு பட்டதாரி

1943ஆம் ஆண்டு வங்காளத்தைப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. பசியாலும் நோயாலும் மாண்டோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடாகும். அப்பேரழிவின் நடுவே அதிகாரியாகப் பணியாற்றிய கான் சாஹிப் அவர்களின் உள்ளம் அப்பதவியில் நிலைக்கவில்லை. பஞ்சம் ஓய்ந்த சிறிது காலத்திலேயே, உற்றார் உறவினர் திகைக்க, ஐ.சி.எஸ். பதவியை உதறிவிட்டு வெளியேறினார்கள்.

அடுத்து அவர்கள் சென்ற இடம் அலிகர் நகருக்கு அருகில் உள்ள ஒரு கிராமம். பூட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற அவ்வட்டாரத்தில், கூலி வேலை செய்தும் பூட்டுச் செய்யும் வேலையைக் கற்றும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்தார்கள். ஏழைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அவர்களைப்போல் உழைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. தமக்குரிய பணி வேறு என்பதை உணர்ந்து அதனைக் கைவிட்டார்கள். எனினும் அவ்விரண்டு ஆண்டுகள் வீணாயின என்று நாம் கருதவில்லை. கைத்தொழிலாளி கைத்திறனில் குறைந்தவன் அல்லன். சரக்கு வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் அவன் தனியனாய் நிற்பதே அவனது பலவீனம். பிற்காலத்தில் கான் சாஹிப் அவர்கள் தொட்ட பணிகள் யாவும் இத்தனிமையைப் போக்குவதாகவே அமைந்ததைக் காண்கின்றோம்.

குமில்லாவில் கூட்டுறவு

1947ஆம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் தில்லி ஜாமிஆ மில்லியாவில் ஆசிரியப் பணி ஆற்றிய அவர்கள், 1950ஆம் ஆண்டு பாகிஸ்தான் சென்றார்கள். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய பங்களாதேசத்தில் உள்ள குமில்லா நகரின் விக்டோரியா கல்லூரிக்கு முதல்வரானார்கள். 1959ஆம் ஆண்டு அந்நகரில் ஊரக வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் பொறுப்பு அவர்களைத் தேடி வந்தது.

அலுவலகத்தில் அமர்ந்து திட்டம் தீட்டுவது அவர்களது வழக்கம் அன்று. கிராமங்களுக்குச் சென்று, உழவரிடமும் தொழிலாளரிடமும் அவர்தம் இடர்ப்பாடுகளைக் கேட்டறிந்தார்கள். சிறு உழவர் பலர் வட்டிக்காரர் பிடியில் சிக்கி இருந்தனர். அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்திருக்கும்போதே விளைச்சலை விற்றாக வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தனர். நீர் இறைக்கும் கருவியோ உழவு இயந்திரமோ தனி ஒருவரால் வாங்க இயலாததாக இருந்தது.

இதற்கு அவர்கள் வகுத்த வழி மிக எளியது. கிராமந்தோறும் ஒரு கூட்டுறவுச் சங்கம். அச்சங்கங்கள் யாவும் இணைந்து வட்டார அளவில் ஒரு நடுவண் சங்கம். உறுப்பினர் வாரந்தோறும் கூட வேண்டும். எவ்வளவு சிறிய தொகையாயினும் வாரந்தோறும் சேமிக்க வேண்டும். கணக்கு எழுதப்பட்டு அனைவர் முன்னும் வாசிக்கப்பட வேண்டும். தம்மில் ஒருவரையே மேலாளராகத் தெரிவு செய்து, வாரம் ஒரு நாள் நடுவண் சங்கத்திற்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். இவற்றைச் செய்த சங்கத்திற்கே கடனும், நீர் இறைக்கும் கருவியும், உழவு இயந்திரமும் கிடைக்கும். அதாவது, சேமிப்பு முதலில், கடன் பிறகு. ஒழுங்கு முதலில், உதவி பிறகு.

ஒன்பது அணாவின் கதை

இம்முறை உழவருக்கு மட்டுமா, சிறு தொழிலாளருக்கும் பயன்படுமா என்ற ஐயத்திற்கு விடையாக அமைந்தது தீதார் சங்கம். குமில்லாவிற்கு அருகில் தேநீர்க் கடை வைத்திருந்தவர் முஹம்மது யாசீன். அவரது கடைக்கு ரிக்‌ஷா இழுப்போர் வருவதுண்டு. வாடகை ரிக்‌ஷாவை இழுத்துக் கிடைக்கும் கூலியில் ஒரு பகுதியை வண்டி முதலாளிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவோர் அவர்கள். கான் சாஹிப் அவர்களின் தூண்டுதலால் 1960ஆம் ஆண்டு ஒன்பது பேர் ஒன்று கூடினர். நாளொன்றுக்கு ஒரு குவளைத் தேநீரைத் துறந்து, ஆளுக்கு ஓர் அணா வீதம் ஒன்பது அணாவுடன் சேமிப்பைத் தொடங்கினர்.

சேமிப்பு பெருகியபோது வாடகை வண்டி சொந்த வண்டியாக மாறியது. சங்கம் வளர்ந்து வேறு தொழில்களிலும் இறங்கியது. தேநீர்க் கடை யாசீன் அவர்கள் 1988ஆம் ஆண்டு ஆசியாவின் புகழ்பெற்ற மகசேசே விருதைப் பெற்றார்கள். அவ்விருதைக் கான் சாஹிப் அவர்கள் 1963ஆம் ஆண்டிலேயே பெற்றிருந்தார்கள். வழிகாட்டியவரும் வழி நடந்தவரும் ஒரே விருதைப் பெற்றது பெருமைக்குரியதன்றோ!

தோல்வியை ஒப்புக்கொண்ட நேர்மை

ஆயினும் குமில்லாத் திட்டம் முழு வெற்றி என்று கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். அத்திட்டம் அரசுப் பணத்துடன் விரைந்து நாடு முழுவதும் பரப்பப்பட்டபோது, வாராந்திரக் கூட்டமும் சேமிப்பும் பெயரளவில் ஆயின. பல சங்கங்களில் வசதி படைத்தோர் பொறுப்புகளைக் கைப்பற்றினர். பெருங்கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்தாமல் விட்டனர். எந்த எளியவருக்காகச் சங்கம் தோன்றியதோ அவர் ஓரங்கட்டப்பட்டார். 1971ஆம் ஆண்டு நாடு பிளவுண்டபின் கான் சாஹிப் அவர்களும் குமில்லாவில் இல்லை. இக்குறைகளை அவர்கள் மறைக்கவில்லை. தமது எழுத்துகளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள். அத்தோல்வியிலிருந்து கற்ற பாடமே அவர்களது அடுத்த பணிக்கு அடித்தளம் ஆயிற்று.

ஒராங்கியில் புதிய தொடக்கம்

1980ஆம் ஆண்டு, அறுபத்தாறு வயதை நெருங்கிய வேளையில், கராச்சியின் ஒராங்கிக் குடியிருப்பில் ஒரு முன்னோட்டத் திட்டத்தை அவர்கள் தொடங்கினார்கள். பட்டா இல்லாத நிலத்தில் பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. பல நாடுகளிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய நெசவாளர், தையற்காரர், தச்சர், கொத்தனார், சிறு கடைக்காரர் நிறைந்த இடம்.

முதலில் மக்கள் கேட்டது கழிவுநீர் வடிகால். தெருவுக்குத் தெரு இருபது முப்பது வீட்டார் கூடித் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, தம் பணத்தாலேயே குழாய் பதித்தனர். திட்டத்தார் வரைபடமும் கருவிகளும் ஆலோசனையும் மட்டுமே தந்தனர். இடைத்தரகும் இலாபமும் நீங்கியதால் செலவு பெரிதும் குறைந்தது. காலப்போக்கில் ஏறத்தாழ 90,000 வீடுகள் இவ்வாறு பயன்பெற்றன.

வடிகால் பணியைத் தொடர்ந்து சிறு தொழில்களின் பக்கம் கவனம் திரும்பியது. ஒராங்கியில் வீடு கட்டுவோருக்குச் சிமெண்ட் கல், மணல், இரும்பு முதலியவற்றை விற்கும் சிறு களங்கள் பல இருந்தன. அவற்றைத் தல்லா என்று அழைப்பர். ஏழைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவரும், வீடு கட்ட யோசனை சொல்பவரும் தல்லாக்காரரே. ஆனால் அவர் கையால் வார்த்த கற்கள் வலுவற்றவை. கலவையில் குறை, தண்ணீர் விட்டு நனைப்பதிலும் குறை. சுவர் விரிசல் விட்டது.

தல்லாக்காரரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிடாமல், அவரது தொழிலையே உயர்த்த முற்பட்டது திட்டம். கல் வார்க்கும் இயந்திரம் வாங்கக் கடன் அளிக்கப்பட்டது. கலவையின் அளவும் நனைக்கும் முறையும் கற்பிக்கப்பட்டன. கொத்தனார்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. விளைவு, ஏறத்தாழ அதே விலையில் பன்மடங்கு வலுவான கல் கிடைத்தது. வாங்கியவருக்கு உறுதியான சுவர். விற்றவருக்குப் பெருகிய வியாபாரம். கடன் மட்டும் கொடுத்திருந்தால் வலுவற்ற கற்களே அதிகம் பெருகியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருந்தபடியே தைக்கும் பெண்களின் நிலையும் இத்தகையதே. ஒப்பந்தக்காரர் துணியைக் கொடுத்து, தைத்ததை வாங்கி, சொற்பக் கூலி தந்து வந்தார். 1984ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கான தையல் மையங்கள் தோற்றுவிக்கப்பட்டு, மொத்த வியாபாரிகளிடம் நேரடியாக வேலை பெறும் வழி காட்டப்பட்டது. குறித்த நாளில், குறித்த தரத்தில் முடித்துக் கொடுத்தால்தான் அடுத்த வேலை கிடைக்கும் என்பதை அம்மையங்கள் கற்றன. தொடக்கத்தில் தாங்கிப் பிடித்த திட்டம், அவை சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதால் தன் உதவியைப் படிப்படியாக விலக்கிக் கொண்டது.

1987ஆம் ஆண்டு சிறு தொழிற் கடனுக்கெனத் தனி அறக்கட்டளை ஒன்று அமைந்தது. தொழில் தெரிந்தவரா, அண்டை வீட்டார் அவரைப் பற்றி என்ன கூறுகின்றனர் என்பதை விசாரித்தபின்னரே கடன் வழங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பத் தொழில்கள் பயன்பெற்றன. கடன் தொகையில் 90 விழுக்காட்டிற்கும் மேல் திரும்பி வந்தது. இக்கடன் வங்கிகளைப் போன்றே வட்டியுடன் வழங்கப்பட்டது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். அதில் நமக்கு உடன்பாடு இல்லை. வட்டியில்லாக் கடனாகிய கர்ழன் ஹஸனாவே நமது வழி. எனினும் கடன் பெறுவோரைத் தேர்ந்து, தொடர்ந்து கவனித்த அவர்களது முறையை வட்டியில்லாக் கடன் கொடுப்போரும் கட்டாயம் கற்க வேண்டும் என்பது நமது துணிபு.

இறுதி நாட்கள்

முதுமையில் கான் சாஹிப் அவர்கள் மீது மார்க்கத்தை அவமதித்ததாகக் குற்றம் சாட்டி வழக்குகள் தொடரப்பட்டன. அவர்கள் அதனை மறுத்தார்கள், பணியையும் நிறுத்தவில்லை. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், தமது 85ஆம் வயதில், உறவினரைக் காண அமெரிக்கா சென்றிருந்தபோது வஃபாத் ஆனார்கள். அவர்களது ஜனாஸா கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, ஒராங்கித் திட்ட அலுவலக வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. எந்த மக்களிடையே உழைத்தார்களோ அவர்களிடையே உறங்குகின்றார்கள்.

நாம் பெறும் படிப்பினை

பெருமக்களே! நமது மஹல்லாவில் உதவி கோரி வரும் ஒரு சிறு வியாபாரிக்குத் தொகையைக் கொடுத்து அனுப்புவது எளிது. அடுத்த ஆண்டும் அவரே அதே வாசலில் நிற்கும்போதுதான் நாம் கொடுத்தது போதவில்லை என்பது விளங்கும். அவரது சரக்கை வாங்குபவர் யார்? பக்கத்துக் கடைக்காரர் அதைவிடக் குறைந்த விலைக்கு எப்படித் தருகின்றார்? வரவு செலவு எழுதும் குறிப்பேடு உண்டா? சிறுதொகையேனும் சேமிக்கின்றாரா? அவரைப் போன்ற நால்வர் சேர்ந்து மொத்தமாகச் சரக்கு வாங்கினால் விலை குறையுமா? தொழில் நுணுக்கம் தெரிந்த மூத்தவர் ஒருவரை அவருக்கு வழிகாட்டியாக அமர்த்த இயலுமா? இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. நேரமும் பொறுமையுமே தேவை.

வாங்கும் கையைக் கொடுக்கும் கையாக மாற்றுவதே உதவியின் நிறைவு. ஒன்பது அணாவில் தொடங்கிய ஒன்பது பேரை நினைவிற் கொள்வோம். வல்ல ரஹ்மான் மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றருள்வானாக! நம் ஜமாஅத்தின் சிறு தொழில்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.