பசியறிந்த இயக்குநர்: நெ. து. சுந்தரவடிவேலு

பெருந்தலைவர் காமராசர் பிறந்த ஊர் நம் விருதுநகர். பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு தந்தவர் யார் என்று கேட்டால், முதல் வகுப்புச் சிறுமியும் அவர் பெயரைத் தயங்காமல் சொல்வாள். ஆனால் முதலமைச்சர் ஓர் எண்ணத்தைச் சொல்லிவிட்டால் மட்டும் அடுப்பு எரிந்துவிடுமா? அரிசி எங்கே, பாத்திரம் எங்கே, சமைப்பவர் யார், கணக்கு எழுதுபவர் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்ய ஒருவர் வேண்டும் அல்லவா? அந்த ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நெய்யாடுபாக்கம் துரைசாமி சுந்தரவடிவேலு 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். இளமையிலேயே சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். காந்தம்மாள் என்னும் அம்மையாரைச் சாதியும் சடங்கும் பாராது மணந்தார். அக்காலத்தில் அரசு ஊழியர் ஒருவர் அவ்வாறு செய்வது எளிதன்று.

கல்வித் துறையில் சேர்ந்து, பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலராக ஊர் ஊராகச் சுற்றினார். ஆய்வாளர் வருகிறார் என்றால் ஆசிரியர்கள் நடுங்கிய காலம் அது. வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர், வகுப்பிலோ பதினைந்து தலை என்னும் நிலை பல ஊர்களில் இருந்தது. ஏன் வரவில்லை என்றால் காரணம் ஒன்றேதான். வீட்டில் கஞ்சி இல்லை, பிள்ளை மாடு மேய்க்கப் போய்விட்டது. பதிவேட்டைத் திருத்தினால் பசி தீராது என்பதைச் சுந்தரவடிவேலு அந்நாளிலேயே கண்டுகொண்டார்.

1953இல் இராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு முறையைக் கொண்டுவந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் ஆனார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டி ஓரிரண்டு ஆண்டுகளே. மாநிலத்துப் பள்ளிகள் அத்தனையும் அவர் பொறுப்பில் வந்தன. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூறு பேரில் ஏறத்தாழ 21 பேருக்கே எழுத்தறிவு இருந்தது.

பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளி திறப்பது முதல் வேலை. குழந்தை நடக்கும் தொலைவில் பள்ளி இருக்கவேண்டும், ஒரு மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது இலக்கு. ஆசிரியர்களை அவர் மறக்கவில்லை. 1955இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் கிடைக்கும்படி அரசு செய்தது. நம் போன்ற மிஷன் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியைகளும் அதனால் பயன்பெற்றார்கள்.

பிறகுதான் சோறு. மதிய உணவு புதிய எண்ணம் அன்று. 1920இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கியிருந்தது. ஆனால் ஒரு பள்ளி வேறு, ஒரு மாநிலம் வேறு. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? கருவூலத்தை நம்பிக் காத்திருந்தால் கோப்பு மட்டுமே கொழுக்கும். ஆகவே ஊராரிடமே போவது என்று முடிவாயிற்று. அறுவடை முடிந்த வீட்டில் நெல், செட்டியார் கடையில் பருப்பு, இன்னொரு வீட்டில் விறகு. 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்தார். இயக்குநரும் அவர் கீழிருந்த அலுவலர்களும் ஊர்ப் பெரியவர்களைக் கண்டு கேட்டார்கள். கொடுப்பவர் உண்டு என்று கண்டபின், 1957இல் அரசு மானியம் வந்தது. செலவில் பெரும்பங்கு அரசினுடையது, மீதி ஊராரது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால்பொடியும் எண்ணெயும் அனுப்பி உதவியது.

இந்த வழி விருதுநகர்க்காரர்களுக்கு வியப்பளிக்காது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைத்தும், வணிகத்தில் மகமை ஒதுக்கியும் பள்ளி நடத்திய ஊர் இது. காமராசர் சிறுவயதில் கட்டணமின்றிப் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். அந்தப் பிடியரிசியைத்தான் மாநிலம் முழுவதுக்கும் விரித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. சுந்தரவடிவேலுவின் திறமை முழுவதும் வெளிப்பட்டது இவற்றில்தான். மாநாட்டுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று பட்டியல் எடுத்துவிடுவார்கள். ஒன்றுக்குக் கரும்பலகை, ஒன்றுக்குப் பெஞ்சு, ஒன்றுக்குக் கடிகாரம், ஒன்றுக்குக் கூரை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊராரிடம் கேட்பது. பொதுவாக உதவுங்கள் என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கடிகாரம் வேண்டும் என்றால் யாரேனும் ஒருவர் எழுந்து நிற்பார். இத்தகைய மாநாடுகள் நூற்றுக்கு மேல் நடந்தன. ஆசிரியர்கள் வகுப்பை விட்டுவிட்டு வசூலுக்கு அலைகிறார்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு. அக்குறையில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன்.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 31 விழுக்காட்டைத் தாண்டியது. அதே ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சோறு போட்டும் வராத பிள்ளைகள் நம் பக்கத்தில் பின்னாளிலும் இருந்தார்கள். சிவகாசியிலும் சாத்தூரிலும் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து கிராமத்துச் சிறுமியரை ஏற்றிச் சென்ற நாட்களை நம் அம்மாக்களில் பலர் கண்டிருக்கிறார்கள். கட்டை அடுக்கி அவர்கள் கொண்டுவந்த கூலி, ஒருவேளைச் சோற்றைவிட வீட்டுக்குப் பெரிதாய் இருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களுள் சிவகாசியும் ஒன்று.

சுந்தரவடிவேலு 1969இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 27 ஆண்டுகள் அப்பதவியில் இருந்த இலட்சுமணசாமி முதலியாருக்குப் பின் வந்து அமர்வது சிறிய காரியமா? 1975 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் மறைந்தார்.

ஓய்வுபெற்ற பின்னும் எழுதினார். நினைவு அலைகள் என்னும் தன் வரலாற்றில் எந்தக் கோப்பு எந்த மேசையில் நின்றது, யார் உதவினார், யார் தடுத்தார் என்பதையெல்லாம் பெயர் சொல்லியே விரிவாக எழுதினார். நம் நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். தடிமனைக் கண்டு அஞ்சவேண்டாம். 1993 ஏப்ரல் 12ஆம் நாள் அவர் காலமானார்.